படத்தில் இருப்பது கோயில் அல்ல, மேய்ப்பர்களின் கல்வீடு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், கிரேக்க நாட்டுக்கு உரிய கிரீட் தீவின் மிக உயர்ந்த மலையான இடாவைப் பற்றி வெளியான கட்டுரையை ஆவலோடு படித்தேன். அரசுப் பள்ளியில் முப்பத்தோர் ஆண்டுகள் புவியியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். அத்தீவின் ஹெராக்லியன் நகரில் ஆய்வுப் பணியில் இருக்கும் என் மகளோடு இரண்டு முறை சில மாதங்கள் தங்கியிருந்தபோது, அந்த மலையைத் தொலைவிலிருந்தும் அருகிலிருந்தும் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. ஆகவே தமிழ் நாளிதழ் ஒன்று அதற்கு அரைப் பக்கம் ஒதுக்கியதைக் கண்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி சிறிதன்று. ஆயினும் கட்டுரையில் சில பிழைகள் நேர்ந்துள்ளன. பெயர், உயரம் பற்றிய பிழைகளை எவரும் ஒரு கலைக்களஞ்சியத்தைப் புரட்டித் திருத்திக்கொள்ளலாம். நான் இவ்வளவு நீளமாக எழுத நேர்ந்தது, படத்தின் கீழே அச்சாகியிருந்த ஒற்றை வரியால். வட்ட வடிவக் கற்கட்டடம் ஒன்றின் படத்தைப் போட்டு, 'ஜீயஸ் கடவுளுக்கு எழுப்பிய பழங்கோயிலின் சிதைவு' என்று குறித்திருக்கிறீர்கள். அது கோயில் அன்று. ஆடு மேய்ப்பவர்கள் கோடைக்காலத்தில் தங்கிப் பால் காய்ச்சிப் பாலாடைக்கட்டி செய்யும் வீடு. அதற்கு அவர்கள் மொழியில் மித்தாத்தோ என்று பெயர்.

முதலில் மலையின் பெயரைச் சொல்லிவிடுகிறேன். மூன்று தேவியருள் அழகில் சிறந்தவள் யார் என்று ட்ராய் இளவரசன் பாரிஸ் தீர்ப்புச் சொன்னதும், ட்ராய்ப் போரை ஜீயஸ் அமர்ந்து பார்த்ததும் இந்த மலையில்தான் என்று கட்டுரையாளர் எழுதியுள்ளார். பெயர் ஒன்றாக இருப்பதால் வந்த மயக்கம் இது. பழங்காலத்தில் இடா என்ற பெயரில் இரண்டு மலைகள் இருந்தன. அவற்றுள் ஒன்று இன்றைய துருக்கியின் வடமேற்கில், ட்ராய் நகரம் இருந்த இடத்துக்குத் தென்கிழக்கே உள்ளது. 1,774 மீட்டர் உயரமுள்ள அதனைத் துருக்கியர் காஸ் மலை என்கிறார்கள். பாரிஸ் ஆடு மேய்த்ததாகச் சொல்லப்படும் மலை அதுவே. மற்றொன்று, ஏஜியன் கடலின் தென்கோடியில், கிரீட் தீவின் நடுவே நிற்பது. குழந்தை ஜீயஸ் ஒளித்து வளர்க்கப்பட்ட கதை இந்த இரண்டாவது மலைக்கு உரியது. பண்டைய கிரேக்கக் கவிஞர் ஹோமர் ட்ராய் நாட்டு மலையை 'ஊற்றுகள் பல உடைய இடா' என்று அடைமொழி கொடுத்துப் பாடுகிறார். புவியியல் படித்தவர்களுக்கு அந்த ஓர் அடைமொழியே போதும், இரண்டையும் வேறுபடுத்திக் காட்ட. கிரீட் மலையின் மேற்பகுதியில் ஊற்று என்பதே அரிது. குளிர்காலம் முழுவதும் அங்கே பனி குவிகிறது. நிழலான குழிகளில் மே மாதம் கடந்தும் கிடக்கிறது. ஆனால் உருகிய நீர் ஓடையாக ஓடுவதில்லை. சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் உறிஞ்சுகுழிகளிலும் இறங்கி, மலையின் வயிற்றுக்குள்ளேயே வழி தேடி, வெகு கீழே அடிவாரத்தில் வெளிப்படுகிறது. தெற்குச் சரிவில் உள்ள சாரோஸ் என்ற ஊரின் ஊற்றுகள் அப்படி வந்தவை. அந்த ஊரில் புட்டியில் அடைக்கும் தண்ணீரைத்தான் ஹெராக்லியனில் நாங்கள் கடையில் வாங்கிக் குடித்தோம்.

அடுத்தது உயரம். இதனைக் 'கிரேக்கத்தின் மிக உயர்ந்த சிகரம்' என்று தலைப்பிட்டிருக்கிறீர்கள். அந்தச் சிறப்பு நிலப்பகுதியில் உள்ள ஒலிம்பஸ் மலைக்கு உரியது. அதன் உயரம் 2,918 மீட்டர். கிரேக்கத் தீவுகள் அனைத்திலும் உயர்ந்தது என்று சொல்லியிருந்தால் முற்றிலும் சரியாக இருந்திருக்கும். இந்த மலையின் உச்சி 2,456 மீட்டர். அதே தீவின் மேற்கே, வெள்ளை மலைகள் எனப்படும் தொடரில் பாக்னெஸ் என்ற சிகரம் 2,453 மீட்டர். இடையே உள்ள வேறுபாடு மூன்றே மீட்டர், ஏறத்தாழ ஒரு மாடி வீட்டின் உயரம். மேற்குப் பகுதிக்காரர்கள் பாக்னெஸ் உச்சிக்குப் போகும்போதெல்லாம் ஆளுக்கொரு கல்லைச் சுமந்து சென்று குவியலில் போட்டு வருவதாக ஒரு பேச்சு உண்டு என்று என் மகளோடு பணியாற்றும் ஒருவர் சொன்னார். இடா என்பது நூல்களில் நிலைத்துவிட்ட பெயர். அந்த ஊர் மக்கள் வாயில் வழங்குவது ப்சிலோரீத்திஸ் என்ற பெயர்; உயரமான மலை என்பது அதன் பொருள். நான் அங்கே இருந்தவரை சந்தையிலோ பேருந்திலோ யாரும் இடா என்று சொல்லிக் கேட்டதில்லை. ஒரு மலையை அதனருகில் வாழ்பவர்கள் அழைக்கும் பெயரால் அழைப்பதே முறை என்று வகுப்பறையில் பலமுறை சொன்னவள் என்பதால், இந்தக் கடிதத்தில் அப்படியே எழுதுகிறேன்.

இனி அந்தப் படத்துக்கு வருகிறேன். அதிலுள்ள கட்டடத்தை விளங்கிக்கொள்ள வேண்டுமானால், மலையின் கல்லை முதலில் பார்க்க வேண்டும். ஆப்பிரிக்க நிலத்தட்டு ஏஜியன் பகுதியின் அடியில் புதைந்து இறங்குவதால் மேலெழும்பிய தீவு கிரீட். ப்சிலோரீத்திஸின் முதுகெலும்பாக இருப்பது ஒருவகைச் சுண்ணாம்புக்கல். பெரும்பாறையாக இல்லாமல், பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுபோல மெல்லிய தகடுகளாக அமைந்தது. கடலடியில் படிந்த வண்டல் அடுக்குகள் இறுகி, நெருக்குண்டு, மடிந்து, பின் மேலே தள்ளப்பட்டதால் வந்த உருவம். சாலையோரத்தில் வெட்டுண்ட சரிவுகளில் அந்த அடுக்குகள் பாய் மடித்து வைத்ததுபோல வளைந்து வளைந்து தெரிகின்றன. இந்தக் கல் வெயிலிலும் உறைபனியிலும் தானாகவே தகடு தகடாகப் பிரிந்து விழுகிறது. உளி வைத்துப் பிளக்க வேண்டியதில்லை. குனிந்து எடுத்தால் கட்டுமானத்துக்கு ஏற்ற பலகைக்கல் கையில் கிடைக்கும். மரமோ அங்கே அருமை. நீண்ட உத்திரத்துக்கு வழியில்லாத இடத்தில், கல்லை மட்டுமே கொண்டு கூரை போடும் வித்தையை மேய்ப்பர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். அந்தக் கூரையைத்தான் தங்கள் படத்தில் நாம் காண்கிறோம்.

செப்டம்பர் மாத முற்பகுதியில் ஒரு நாள் என் மகளும் அவளுடைய தோழியும் என்னை அனோயா என்ற மலையூர் வழியாக நிடா மேட்டுச் சமவெளிக்கு அழைத்துச் சென்றார்கள். ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில், நான்குபுறமும் மலை சூழ்ந்த, தட்டுப்போல் தட்டையான புல்வெளி அது. அந்தத் தோழியின் பெரியப்பா அனோயாவைச் சேர்ந்த மேய்ப்பர். எண்பது வயதை நெருங்கியவர். அவர் தம் குடும்பத்தின் மித்தாத்தோவைத் திறந்து காட்டினார். வாசல் என் மார்பளவுகூட இல்லை. குனிந்து நுழைந்ததும் கண் இருண்டுவிட்டது. சற்று நேரம் கழித்து, உச்சியில் ஒரு வட்டத் துளையிலிருந்து ஒளி ஒரு தூண் போல இறங்குவது தெரிந்தது. அண்ணாந்து பார்த்தேன். தரையில் அகன்ற வட்டமாகத் தொடங்கிய சுவர், ஒவ்வொரு வரியும் தன் கீழ்வரியைவிட இரண்டு மூன்று விரற்கடை உள்ளே தள்ளி வைக்கப்பட்டு, வளையத்தின்மேல் சிறிய வளையமாக ஒடுங்கிக்கொண்டே போய், அந்தத் துளையில் முடிந்திருந்தது. சாந்து இல்லை, மண்பூச்சு இல்லை, ஓர் ஆணிகூட இல்லை. பலகைக்கற்களின் இடையே உள்ளங்கையளவுச் சில்லுக்கற்களைச் செருகி இறுக்கியிருந்தார்கள்.

இது ஏன் விழாமல் நிற்கிறது என்று நான் கேட்டதை மகள் மொழிபெயர்த்துச் சொன்னாள். அவர் பதில் சொல்லாமல் என் கையைப் பிடித்து ஒரு கல்லின்மேல் வைத்தார். அப்போதுதான் உணர்ந்தேன், அந்தக் கல் சமமட்டமாகக் கிடக்கவில்லை. உள்ளிருந்து வெளியே மெல்லச் சரிந்திருந்தது. எல்லாக் கற்களும் அவ்வாறே. மழைத்தண்ணீர் உள்ளே வராமல் வெளியே வழிந்துபோவதற்காக அப்படி வைப்பார்களாம். ஒவ்வொரு கல்லின் பெரும்பகுதிச் சுமையும் வெளிப்புறத்தில் இருப்பதால் உட்புறம் துருத்தும் முனை சாய்வதில்லை. ஒவ்வொரு வளையமும் தன்னைத்தானே நெருக்கிப் பிடித்துக்கொள்கிறது. சுவரின் வெளிப்பக்கத்தில் மேலும் கற்களைக் குவித்து எடை கூட்டுவதும் இதற்காகவே. பொறியியல் கல்லூரிப் பாடம் ஒன்றும் இல்லாமல், தகப்பனிடமிருந்து மகனுக்குக் கைப்பழக்கமாக வந்த அறிவு. தம்முடைய பாட்டனார் கட்டியதை ஒவ்வோர் ஆண்டும் குளிர்காலத்துக்குப் பின் வந்து பார்த்து, பனியில் நகர்ந்த கற்களை எடுத்து வைத்துவிட்டுத்தான் ஆடுகளை ஓட்டி வருவது வழக்கம் என்றார்.

சுவரிலேயே மாடங்கள் விட்டிருந்தார்கள். ஒன்றில் விளக்கு, ஒன்றில் உப்பு, வாசலுக்கு எதிர்ப்புறம் நெருப்பு மூட்டுமிடம். அங்கேதான் பெரிய செப்புக் கொப்பரையில் பால் காயும். இளஞ்சூட்டில் உறைப்பொருள் சேர்த்து, கட்டியானதும் கலைத்து, வடித்து அச்சில் இட்டால் கிராவியேரா என்ற கெட்டியான பாலாடைக்கட்டி. கட்டி பிரிந்தபின் மிஞ்சிய தெளிநீரை மீண்டும் சூடேற்றினால் மேலே திரளும் மென்மையான மிசித்ரா. இந்தக் கட்டிகளை மாதக்கணக்கில் அடுக்கி முதிர வைப்பதற்கு, தடித்த கற்சுவர் தரும் மாறாத குளிர்ச்சி வேண்டும். ஆகவே மித்தாத்தோ வெறும் தங்குமிடம் அன்று. அது பால்பண்ணை, கிடங்கு, குளிர்பதன அறை எல்லாம் சேர்ந்த ஒன்று. பெரியவர் எங்களுக்கு மிசித்ராவில் தேன் ஊற்றிக் கொடுத்தார். மாலோதீரா என்ற மலைமூலிகைத் தேநீரும் தந்தார். அந்தச் செடி அவர் காலடியிலேயே, கல்லிடுக்கில் வெள்ளை மயிரோடு வளர்ந்திருந்தது. நான் மாடத்தில் கை வைத்தபோது விரல் முழுதும் கறுப்பாயிற்று. தலைமுறைகளாகப் படிந்த புகைக்கரி.

கட்டுரையாளர் இதனைக் கோயில் என்று எண்ணியதில் நியாயமும் இல்லாமல் இல்லை. அந்தச் சமவெளிக்கு மேலே, ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், உண்மையிலேயே ஒரு வழிபாட்டுக் குகை இருக்கிறது. பிள்ளைகளை விழுங்கும் தந்தை குரோனஸிடமிருந்து காப்பாற்றுவதற்காகத் தாய் ரேயா குழந்தை ஜீயஸை ஒளித்துவைத்ததும், அமல்தேயா என்ற வெள்ளாட்டின் பால் அவனை வளர்த்ததும், அழுகுரல் வெளியே கேட்காதபடி கூரேத்தர் எனும் வீரர்கள் கேடயங்களைத் தட்டி ஆடியதும் அங்கேதான் என்பது ஒரு மரபு. பிறந்த இடம் இதுவா, தீவின் கிழக்கே உள்ள திக்தி மலைக் குகையா என்பதில் பழைய நூல்களே ஒருமனதாக இல்லை. அங்கே பிறந்து இங்கே வளர்ந்தான் என்று சமாதானம் சொல்பவர்களும் உண்டு. 1885-ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர் ஃபெடெரிக்கோ ஹால்ப்ஹெர் அந்தக் குகையை அகழ்ந்தார். 1982 முதல் கிரேக்க அறிஞர் யானிஸ் சாக்கெல்லாராக்கிஸ் மீண்டும் அகழ்ந்தார். கிடைத்தவற்றுள் புகழ்பெற்றவை கி.மு. 8, 7-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த வெண்கலக் கேடயங்கள். ஹெராக்லியன் அருங்காட்சியகத்தில் அவற்றின் எதிரே நின்றபோது, கேடயம் தட்டிய வீரர்களின் கதை எங்கிருந்து வந்தது என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. பிளேட்டோவின் 'சட்டங்கள்' நூலில் மூன்று முதியவர்கள் கிரீட்டின் நோசோஸ் நகரிலிருந்து ஜீயஸின் குகைக்கு நடந்துபோகும் வழியில்தான் உரையாடல் முழுதும் நடக்கிறது. அந்தக் குகை இதுவே என்பது பொதுவான கருத்து. வழியில் உயர்ந்த சைப்ரஸ் மரங்களின் நிழல் இருந்ததாக அந்த நூலில் வருகிறது. தெற்குச் சரிவில் கமாரெஸ் என்ற இன்னொரு குகையும் உண்டு. கருநிறப் பின்னணியில் வெள்ளையும் செம்மையும் தீட்டிய, முட்டை ஓடு போல் மெல்லிய, கிரீட்டின் பண்டைய மினோவ நாகரிகத்து மட்பாண்டங்களுக்குக் கமாரெஸ் என்ற பெயர் அங்கிருந்தே வந்தது. இவையெல்லாம் எழுதப்பட வேண்டியவையே. ஆனால் இவற்றின் பெருமையில் மயங்கி, கண்ணெதிரே நிற்கும் பால்வீட்டையும் கோயிலாக்கிவிடக் கூடாது. அமல்தேயாவின் கதையிலேகூடக் கடவுளைக் காப்பாற்றியது ஆட்டுப்பால்தானே.

'மனித நடமாட்டமற்ற மொட்டை மலை' என்ற தொடரும் கட்டுரையில் இருக்கிறது. அதை வாசித்தபோது வருந்தினேன். நிடாவுக்குச் செல்லும் சாலையில் நாங்கள் பார்த்த கிடைகளையும் பட்டிகளையும் எண்ணி மாளாது. செம்மறிகளின் கழுத்து மணிகள் ஒவ்வொன்றும் ஒரு சுதி. ஒரு மந்தைக்கான மணிகளை ஒன்றோடொன்று இசையும்படி காது கொடுத்துத் தேர்ந்தெடுப்பார்கள். அதனால் இருட்டிலும் தன் மந்தை எங்கே நிற்கிறது என்று மேய்ப்பருக்குத் தெரியும். கிரீட் முழுதும் போற்றும் பாடகர் நீக்கோஸ் சிலூரிஸ் 1936-இல் பிறந்தது இந்த அனோயாவில்தான். மலையின் ஒரு தோளில், 1,750 மீட்டர் உயரமுள்ள ஸ்கினாக்காஸ் சிகரத்தில், கிரீட் பல்கலைக்கழகத்தின் பங்கேற்போடு 1986 முதல் வானாய்வகம் இயங்குகிறது. அதன் வெள்ளைக் குவிமாடத்துக்குக் கீழேயுள்ள சரிவில் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.

அந்த ஊருக்கு நேர்ந்ததையும் ஒரு பத்தியாவது சொல்லாமல் இந்த மலையைப் பற்றி எழுதக் கூடாது என்பது என் கருத்து. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் கிரீட்டைப் பிடித்திருந்த காலத்தில், 1944 ஏப்ரல் 26 அன்று ஜெனரல் கிரைப்பே என்ற ஜெர்மானியத் தளபதியைப் பிரிட்டிஷ் அதிகாரி பேட்ரிக் லீ ஃபெர்மோரும் கிரீட் போராளிகளும் கடத்தினார்கள். அவரை அனோயா வழியாக இந்த மலையைத் தாண்டித் தென்கரைக்கு நடத்திச் சென்று, மே மாத நடுவில் படகேற்றி எகிப்துக்கு அனுப்பினார்கள். அந்நாட்களில் அவர்களுக்குத் தங்க இடமும் உண்ண ரொட்டியும் கொடுத்தவர்கள் மேய்ப்பர்கள். ஒளிந்திருந்த இடங்களுள் இந்தக் கல்வீடுகளும் குகைகளும் உண்டு. ஆகஸ்ட் 13 அன்று தளபதி முல்லர் கையொப்பமிட்ட ஆணை, அனோயாவைத் தரைமட்டமாக்கவும், ஊருக்குள்ளும் ஒரு கிலோமீட்டர் சுற்றளவிலும் அகப்படும் ஆண் ஒவ்வொருவரையும் கொல்லவும் கட்டளையிட்டது. ஊர் வீடு வீடாக எரிக்கப்பட்டது. 1822-லும் 1867-லும் உதுமானியப் படைகளால் எரிக்கப்பட்ட ஊர் அது. மூன்றாம் முறையும் அதே இடத்தில் மீண்டும் எழுந்தது. இன்று நிடா சமவெளியில், படுத்திருக்கும் போராளியின் உருவம் ஒன்று பாறைகளை வரிசையாகப் பரப்பி அமைக்கப்பட்டிருக்கிறது. அமைத்தவர் ஒரு ஜெர்மானியப் பெண் கலைஞர். கல் சுமந்து உதவியவர்கள் அனோயா மேய்ப்பர்கள். தரையில் நின்று பார்த்தால் அது கற்குவியலாகத்தான் தெரியும். சரிவில் ஏறித் திரும்பிப் பார்த்தபோதுதான் எனக்குத் தோளும் தலையும் புலப்பட்டன.

உச்சிக்கு நான் ஏறவில்லை. என் முழங்கால்கள் அதற்கு இடம் கொடுக்கவில்லை. திருச்சிலுவைத் திருநாளான செப்டம்பர் 14-ஐ ஒட்டி ஊர் மக்களோடு மகள் முன்னிரவில் கிளம்பி ஏறினாள். உச்சியில் திருச்சிலுவைப் பெயரில் ஒரு சிறிய தேவாலயம் உண்டு. அதன் படத்தை அவள் காட்டியபோது நான் அடைந்த வியப்பைச் சொல்லியே ஆக வேண்டும். அதுவும் அதே பலகைக்கற்களால், சாந்தில்லாமல், வரி வரியாக உள்ளே ஒடுங்கும்படி கட்டப்பட்டது. அதாவது கடவுளுக்கு வீடு கட்ட நினைத்தபோதும் அவர்கள் தங்களுக்குத் தெரிந்த வீட்டையே கட்டியிருக்கிறார்கள். தங்கள் படக்குறிப்பு இந்தத் தேவாலயத்தைச் சுட்டியிருந்தாலாவது பாதி சரி என்று சொல்லியிருப்பேன். ஆனால் படத்தில் இருப்பது புல்வெளியின் விளிம்பு; உச்சியில் புல் கிடையாது. விடியும்போது அங்கிருந்து வடக்கே கிரீட் கடலும் தெற்கே லிபியக் கடலும் ஒருசேரத் தெரிந்தன என்றாள் மகள்.

மேய்ப்பர்களைப் பற்றி இவ்வளவு உயர்வாக எழுதுபவள், மேய்ச்சலால் வரும் தீங்கை மறைக்கிறாள் என்று யாரும் எண்ண வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் மானியம் ஆட்டுத்தலையைக் கணக்கிட்டுக் கொடுக்கப்பட்ட ஆண்டுகளில் மந்தைகள் மலை தாங்கும் அளவைக் கடந்து பெருகின. கிரீட்டில் மட்டுமே வளரும் அம்பெலித்சியா என்ற மரம் இம்மலையிலும் உண்டு. அது தளிர்க்கத் தளிர்க்க ஆடுகள் கடித்துவிடுவதால், பல இடங்களில் மரமாகாமல் முழங்காலளவுப் புதராகவே பல்லாண்டுகள் நிற்கிறது. மேய்ப்பர் கையில் வைத்திருக்கும் கட்சூனா என்ற வளைகோல் மரபாக அந்த மரத்தில் செய்யப்படுவது. தம் கோலுக்கு மரம் தரும் செடியைத் தம் ஆடே தின்றுவிடுகிறது என்பதைப் பெரியவரும் அறிந்திருந்தார். முன்பு மந்தைகள் ஓரிடத்தில் சில நாள் மேய்ந்துவிட்டு நகரும், இப்போது வண்டியில் தீவனமும் தண்ணீரும் வருவதால் ஒரே இடத்தில் நிற்கின்றன என்று அவர் சொன்ன விளக்கம் எனக்குச் சரியாகவே பட்டது.

அந்த வண்டிகள்தாம் கல்வீடுகளையும் தேவையற்றவை ஆக்கின. மலைமேல் சாலை வந்தபின், மேய்ப்பர் காலையில் சரக்கு வண்டியில் ஏறி வந்து, பால் கறந்து, கேனில் நிரப்பி, மாலையில் ஊர் திரும்பிவிடுகிறார். பாலைக் கட்டியாக்குவது ஊரிலுள்ள பால்பண்ணையின் வேலையாகிவிட்டது. இரவு தங்க ஆளில்லாத மித்தாத்தோவில் ஒரு கல் நகர்ந்தால் எடுத்து வைக்க யாரும் இல்லை. அடுத்த குளிர்காலத்தில் அந்த வளையம் தளர்கிறது. பிறகு உச்சி உள்ளே விழுகிறது. நாங்கள் போன வழியில் இரண்டு வீடுகள் அப்படிக் கூரை திறந்து கிடந்தன. தங்கள் படத்தில் உள்ள வீட்டின் இடப்பக்கமும் அப்படிச் சரிந்ததே. அதனால்தான் கட்டுரையாளருக்கு அது பண்டைய இடிபாடாகத் தோன்றியிருக்க வேண்டும். அது சரிந்து ஆயிரம் ஆண்டு ஆகியிருக்க வேண்டியதில்லை. பத்துக் குளிர்காலம் போதும். சாந்தில்லாமல் கல்லடுக்கிக் கட்டும் கலையை, கிரேக்கம் உள்ளிட்ட எட்டு ஐரோப்பிய நாடுகளின் பெயரில் யுனெஸ்கோ 2018-ஆம் ஆண்டில் மனிதகுலத்தின் வாழும் மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. ப்சிலோரீத்திஸ் மலைப்பகுதி 2015 முதல் யுனெஸ்கோவின் உலகப் புவிப்பூங்காக்களில் ஒன்று. இந்தத் தகுதிகளால் சில வீடுகள் பழுதுபார்க்கப்படுகின்றன. பார்க்க வருபவர்களுக்கு அறிவிப்புப் பலகைகள் உள்ளன. ஆனால் கல்லை எந்தச் சாய்வில் வைப்பது என்று கையால் அறிந்தவர்கள் பெரும்பாலும் அந்தப் பெரியவரின் வயதினர். அவருடைய பேரன் ஹெராக்லியனில் கணினிப் பணியில் இருக்கிறார். விடுமுறையில் வரும்போது தாத்தாவோடு கல் எடுத்து வைப்பதாகத் தோழி சொன்னார்.

ஆகவே தங்களிடம் நான் வேண்டுவது இதுதான். அடுத்த ஞாயிறு இணைப்பில் ஒரு சிறு திருத்தம் வெளியிடுங்கள். இடா மலைகள் இரண்டு என்பதையும், ஒலிம்பஸ்தான் கிரேக்கத்தின் உயரமான மலை என்பதையும் இரண்டு வரியில் சொல்லிவிடலாம். பள்ளி மாணவர்கள் பொது அறிவுக் குறிப்பேட்டில் தங்கள் இதழிலிருந்து வெட்டி ஒட்டிக்கொள்வதை நான் பல ஆண்டுகள் கண்டவள். பிழையும் அப்படியே ஒட்டப்பட்டுவிடும். அதே படத்தை மீண்டும் ஒருமுறை அச்சிட்டு, அதன் கீழே 'ப்சிலோரீத்திஸ் மலையில் ஆடு மேய்ப்பவர்கள் பாலாடைக்கட்டி செய்யும் மித்தாத்தோ' என்று போடுங்கள். இடம் இருந்தால் இன்னொரு குறிப்பும் சேர்க்கலாம்: படத்தில் வாசலின் மேற்கல்லுக்குக் கீழே கறுப்பாகத் தெரிவது நிழலன்று. பால் காய்ச்சிய அடுப்பின் புகை அந்த வாசல் வழியாக வெளியேறிப் படிந்த கரி.

இவண்,
ஓய்வு பெற்ற புவியியல் ஆசிரியை,
தென்காசி.